என் விரலில் துடித்த நாடி

இன்று காலை நம் பனியன் கம்பெனிக்கு ஒரு ரப்பர் பொம்மை வந்தது. இடுப்புவரைதான் உடம்பு. முதலுதவிப் பயிற்சிக்காம். அதைத் துணி வெட்டும் கட்டிங் டேபிளில் மல்லாக்கக் கிடத்தியதுமே எனக்கு நீதான் தெரிந்தாய். உன்னையும் அதே டேபிளில்தான் கிடத்தினோம்.

அன்று மத்தியானம் ஓவர்லாக் தையல் மெஷினில் உட்கார்ந்தபடியே சரிந்தாய். மாரடைப்பு என்று பிறகுதான் தெரிந்தது. வலிப்பு என்று நினைத்து யாரோ உன் கையில் கத்தரிக்கோலைத் திணித்தார்கள். நான் மறு கையின் மணிக்கட்டைப் பிடித்தேன். தையல் லைனை யாரும் நிறுத்தவில்லை. அத்தனை மெஷினும் ஓடின, டேபிள் அதிர்ந்தது. காலையிலிருந்து துணி தள்ளித் தள்ளி என் விரல்களுக்குள்ளும் அதே அதிர்வு. அதைத்தான் உன் நாடி என்று நினைத்தேன். "நாடி அடிக்குதுங்க, பயமில்லீங்க" என்று சத்தமாகச் சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். உன் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டு முதலாளியின் காருக்குக் காத்திருந்தோம். மூச்சு வருகிறதா என்று ஒருவரும் பார்க்கவில்லை, நானும்தான். கார் வருவதற்குள் நீ போய்விட்டாய்.

பயிற்சி கொடுக்க வந்த நர்ஸம்மா இன்று சொன்னார்: "கூப்பிட்டா அசையலை, மூச்சும் சரியா இல்லைன்னா நாடியைத் தேடிட்டு நிக்காதீங்க. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டு நெஞ்சை அமுக்க ஆரம்பிச்சுருங்க."

"அன்னைக்கு நான் தப்பாச் சொல்லிப்போட்டனுங்க" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். உன் பெயரையும் சொன்னேன். மேனேஜர் முகம் சுளித்தார்.

"பழைய கதை எதுக்குங்க? ஷிப்மென்ட் இருக்குது, சீக்கிரம் முடிங்க."

"கன்டெய்னர் போனாப் போகுதுங்க, நானும் அதுல ஏறியா போகப் போறேன்?" என்று, ஷிப்மென்ட்டுக்கு அவசரப்படுத்திய அவரையே ஒருநாள் கேட்டவள் நீ. வேலை போய்விடுமோ என்று பயந்து அப்போது உன் கையைப் பிடித்து இழுத்தவள் நான்.

பயிற்சி நடக்கும்போதும் மற்ற லைன்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. இன்று நானே போய் மெயின் சுவிட்சை அணைத்தேன். எல்லா மெஷினும் நின்றன. "ஆள் உழுந்தா மொதல்ல இதை நிறுத்தோணுங்க. இதையும் பயிற்சில சேர்த்துக்கங்க" என்றேன். மேனேஜர் வாயைத் திறப்பதற்குள் பொம்மையின் நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து அமுக்கத் தொடங்கினேன். நர்ஸம்மா எண்ணினார். தோள் கடுத்தது, விடவில்லை.

மன்னிப்புக் கேட்டு இதை எழுதவில்லை. கேட்டாலும் "அட போ புள்ள" என்றுதான் சொல்வாய். இனி என் கண்ணெதிரே யார் விழுந்தாலும் லைனை நிறுத்துவேன். எவரிடமும் அனுமதி கேட்க மாட்டேன். வேண்டுமானால் நாளைக்கே என்னை வெளியே போகச் சொல்லட்டும். தையல் தெரிந்தவளுக்குத் திருப்பூரில் தெருவுக்கு ஒரு கம்பெனி இருக்கிறது. உன்னைப் போல் ஒருத்திதான் இல்லை.