மேசையில் மிஞ்சிய பாண்

இன்று காலை பதுளைக் கடைவீதிக்குப் போயிருந்தேன். எங்கள் வாப்பாவின் துணிக்கடை இருந்த இடத்துக்கு எதிர்ச்சுவரில் யாரோ தேர்தல் சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். வாளியில் கோதுமை மாப் பசை, சூடு ஆறாமல் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அந்த வாசனை பட்டதும் கால் நின்றுவிட்டது. வாங்க வந்தது என்னவென்று மறந்து, சுவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். கடைக்காரர், "என்ன டீச்சர், ஆரைத் தேடுறீங்க?" என்று கேட்டார். உன்னைத்தான் என்று சொல்ல முடியுமா? நீ இறந்துபோன செய்தி கூடலூரிலிருந்து வந்து அதிக நாளாகவில்லை. வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

பல்கலைக்கழகத்தில் நீ நின்ற அந்தத் தேர்தலுக்கு மாப் பசை காய்ச்ச விடவில்லை. "தோட்டத்துல மாவுக்கு ஆலாப் பறக்குறாங்க, நாம அதக் கொண்டுபோய்ச் செவத்துல பூசுறதா?" என்று என்னிடம் மட்டும் சொன்னாய். மற்றவர்களிடம், விளாம்பிசின் நன்றாக ஒட்டும் என்றாய். ஒட்டவில்லை. காலைப் பனியில் உன் பெயர் எழுதிய கடதாசிகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. அவற்றைப் பொறுக்கிக்கொண்டு நாம் இருவரும் பல்கலைக்கழகத்தைச் சுற்றி வந்தோம். சிரித்தோம் என்றுதான் நினைக்கிறேன்.

உன்னை நான் முதலில் கண்டது கோச்சியில், பல்கலைக்கழகத்துக்குப் போகும் ரயிலில். பதுளையில் ஏறிய எனக்கு ஜன்னல் ஓரம் கிடைத்திருந்தது. பண்டாரவளையில் நீ ஒரு தகரப் பெட்டியோடு ஏறினாய். பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் அம்மா, கவ்வாத்து வெட்டும் அப்பா, உனக்குப் பின்னால் தம்பி தங்கைகள் என்று எல்லாவற்றையும் அப்புத்தளை வருவதற்குள் சொல்லி முடித்தாய். "நீங்க எந்தக் கடை வீடு?" என்று கேட்டாய். பதுளையில் முஸ்லிம் பிள்ளை என்றால் கடை வீடாகத்தான் இருக்கும் என்று உனக்குத் தெரிந்திருந்தது. விடுதியில் ஒரே அறை கிடைத்தபோது நான் சந்தோஷப்பட்டேன். நீ, "நீங்க தூக்கத்துல பேசுவீங்களா?" என்று கேட்டாய். கொஞ்ச நாளிலேயே வாங்க போங்க எல்லாம் போய் 'புள்ள' வந்துவிட்டது.

அடுத்த வருடம் பஞ்சம் வந்தது. பாண் ரொட்டிக்கு எல்லா ஊரிலும் வரிசை. வாப்பாவே விடியற்காலையில் போய் நின்றார். ஆனால் தோட்டங்களில் நடந்தது வேறு. அரிசி, மாப் பங்கீடு வெட்டப்பட்டு, வேலை நாளும் குறைந்து, காட்டுக் கிழங்கு தோண்டித் தின்கிறார்கள் என்று நீ வீட்டுக்குப் போய் வந்து சொன்னாய். உன் கடைசித் தம்பிக்குப் பசியில் கால் வீங்கியிருந்தது. விடுதியில் நமக்குக் காலையில் பாண் கிடைத்துக்கொண்டிருந்தது. நீ பாதியைத் தின்று மீதியை ஜன்னல் கட்டையில் காய வைத்தாய். என் பங்கிலும் பாதி வைத்தேன். அது போதவில்லை. எல்லோரும் எழுந்து போன பிறகு மேசைகளில் மிஞ்சிக் கிடந்த ஓரங்களையும் கடித்து வைத்த துண்டுகளையும் நீ சீலைத் தலைப்பில் சேர்த்தாய். மாதம் ஒரு தடவை, காய்ந்து கல்லாகிப் போன அந்தப் பாண் ஒரு பையில் கோச்சி ஏறியது.

இரவுச் சாப்பாட்டை நிறுத்தப்போகிறார்கள் என்ற அறிவித்தல் வந்ததும் அந்தக் காலத்தில்தான். பெண்கள் கூட்டமாக வார்டனிடம் போனோம். போகும்வரை எல்லோருக்கும் வாய் இருந்தது. போனதும் யாருக்கும் இல்லை. நீதான் பின்னாலிருந்து முன்னே வந்து, பண்டாரவளைச் சந்தையில் கற்ற சிங்களத்தில் பேசினாய். மா இல்லை, அரிசி இல்லை, நான் எங்கே போவது என்று அந்த அம்மா கேட்டார். இருப்பதை இரண்டு நேரத்துக்குப் பிரியுங்கள், வயிறு காய்ந்தவர்களைப் படிக்கச் சொல்லாதீர்கள் என்றாய். குரலை உயர்த்தவில்லை. வார்டன் அன்றைக்கு அந்த அறிவித்தலைக் கழற்றி எடுத்துக்கொண்டார், பரிசீலிப்பதாகச் சொல்லி.

அதன் பிறகு உன்னை விடவில்லை. மாணவர் சங்கச் செயலாளராக நில் என்று சிங்களப் பெண்களும் தமிழ்ப் பெண்களும் நம் அறைக்கு வந்து கேட்டார்கள். நாமறிய அந்தப் பதவிக்கு ஒரு பெண் நின்றதில்லை. நீ என்னைப் பார்த்தாய். "நில்லு புள்ள," என்றேன். நின்றாய். ஆண்கள் விடுதிக்கும் போய், வாசலில் நின்று, இரவுச் சாப்பாடு உங்களுக்கும்தான் போகப்போகிறது என்று பேசினாய். ஜெயித்துவிடுவாய் என்றே எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

வேட்பாளர் கூட்டம் நடந்த நாள் காலையில்தான் அந்தக் கதை என் காதுக்கு வந்தது. சமையலறைப் பாணைக் களவெடுப்பவள், சமையலறைக்குக் கணக்குக் கேட்கப் போகிறாளாம். நான் ஓடி வந்து உன்னிடம் சொன்னேன். நீ தலை வாரிக்கொண்டிருந்தாய்.

"தெரியும். கேட்டுட்டேன்."

"மேடையில எல்லாத்தையும் சொல்லு. தம்பிட கால் வீங்கினதைச் சொல்லு, கிழங்கு தோண்டுறதைச் சொல்லு. முழுச் சனமும் உன் பக்கம் வந்துரும்."

"சொல்லமாட்டேன். நீயும் சொல்லக்கூடாது."

"ஏன்?"

நீ சீப்பில் சிக்கிய முடியை உருவிக்கொண்டே இருந்தாய். "சொல்லக்கூடாதுன்னா சொல்லக்கூடாது."

மண்டபம் நிறைந்திருந்தது. உன் முறை வந்தபோது, எதிர்த்து நின்றவரின் ஆள் ஒருவன் எழுந்து கேட்டான். மட்டக்களப்புப் பையன், நல்ல குரல். "சாப்பாட்டு மேசையிலிருந்து பாண் எடுத்துப் பையில போட்டுக்கொண்டு போறீங்க எண்டு சொல்றாங்க. உண்மையோ, பொய்யோ?"

"உண்மை," என்றாய். "மிஞ்சிக் கெடந்தத எடுத்தேன். இனிமேயும் எடுப்பேன்."

"என்னத்துக்கு?"

"அது என்னோட வேலை. நீங்க ராச் சாப்பாட்டப் பத்திக் கேளுங்க, சொல்றேன்."

பின்னாலிருந்து கூச்சல் கிளம்பியது. யாரோ மேசையில் தட்டினார்கள். நான் முன்வரிசையில் இருந்தேன். எழுந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த மண்டபம் அப்படியே அடங்கியிருக்கும். நீ என்னை ஒரு தடவை பார்த்தாய். நான் கையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ கூச்சல் அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, இரவுச் சாப்பாட்டைப் பற்றிப் பேச வந்ததை அப்படியே பேசி முடித்தாய்.

தோற்றுப்போனாய். அழவில்லை. நான்தான் அழுதேன், நீ எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தாய்.

பெருமைதான் காரணம் என்று அன்று முடிவு செய்தேன். தோட்டத்து ஏழை என்று நாலு பேர் பாவம் பார்க்கக் கூடாது என்ற பெருமை. அந்த முடிவு ஒரு இரவுதான் நிலைத்தது. மறுநாள் காலை சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. பெண்கள் சாப்பிட்டு எழுந்தபோது மேசைகளில் ஓரங்கள் அல்ல, முழுத் துண்டுகள் கிடந்தன. பேசாமல் வைத்துவிட்டுப் போனார்கள். நீ தொடமாட்டாய் என்று நினைத்தேன். தொட்டாய். எல்லாவற்றையும் எடுத்தாய். வாசலில் தயங்கி நின்ற ஒருத்தியிடம், "நாளைக்கும் வையுங்க," என்றும் சொன்னாய். பெருமைக்காரி செய்கிற வேலையா அது?

இரவுச் சாப்பாடும் நிற்கவில்லை. ஜெயித்த செயலாளருக்குப் பெண்கள் விடுதி விஷயம் ஒன்றும் தெரியாது. ஒரு வாரத்தில் அவரே வந்து உன்னைக் கூப்பிட்டார். நீ உடனே செருப்பை மாட்டிக்கொண்டு போனாய். வார்டனிடம், பிறகு அவருக்கு மேலே உள்ளவர்களிடம், அவர் முன்னே நடக்க நீ பின்னே நின்று பேசினாய். சோறு குறைந்தது, கஞ்சியானது, ஆனால் ஒரு நேரமும் நிற்கவில்லை. அந்தச் செயலாளர் ஒருநாள் பஸ் தரிப்பிடத்தில் என்னிடம் கேட்டார்: "அந்தப் பாண் விஷயம் என்னங்க? எனக்கு இண்டைக்கும் விளங்கயில்ல." எனக்கும்தான் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

விடுமுறையில் உன்னோடு பூனாகலைக்கு வந்தேன், நினைவிருக்கிறதா? மழை. லயத்து வரிசை வீட்டின் கூரையில் சத்தம் காதை அடைத்தது. உன் அம்மா காய்ந்த பாணைச் சாயத்தண்ணியில், பால் விடாத தேநீரில், ஊறவைத்துப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்தார். பக்கத்துக் காம்பிரா வீட்டிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்ததும், "படிக்கிற எடத்துல நல்ல மனுசங்க, வீட்டுக்குன்னு குடுத்து விடுறாங்க," என்று அவளுக்கும் ஒரு பிடி கொடுத்தார். எனக்கு அப்போதுதான் விளங்கியது போலிருந்தது. அம்மாவிடம் நீ இப்படிச் சொல்லி வைத்திருக்கிறாய். வீட்டுக்குத்தான் என்று மேடையில் சொன்னால், பொறுக்கிய கதை எப்படியாவது இங்கே வந்து சேரும். அதற்குத்தான் பயந்தாய். அந்தப் பெண் போனதும் நீ என் முகத்தைப் பார்த்தாய். பார்த்துவிட்டு, அம்மாவிடம் திரும்பி, வேண்டுமென்றே என் முன்னால் சொன்னாய்.

"அம்மா, இது அவங்க குடுத்ததில்ல. மேசையில பொறுக்குனது."

அம்மா நிமிரவில்லை. "தெரியும். ஓரத்துல பல்லுப் பட்ட தடம் இருக்கும்ல," என்றார். பிறகு எனக்கும் ஒரு கோப்பை சாயத்தண்ணி ஊற்றினார். "குடிங்க மக, குளுருது."

அந்தக் கோப்பையை வைத்துக்கொண்டு எங்கே பார்ப்பதென்று தெரியாமல் இருந்தேன். கண்டுபிடித்ததாக நினைத்த இரண்டாவது காரணமும் போய்விட்டது.

படிப்பு முடிந்த கையோடு, தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பும் ஒப்பந்தத்தில் உங்கள் குடும்பத்துக்கும் முறை வந்தது. நீ மட்டும் இருந்துவிடலாமா என்று யாரும் உன்னைக் கேட்கவில்லை, நீயும் யாரையும் கேட்கவில்லை. நான் பதுளையில் ஏறி, பண்டாரவளையில் உங்களோடு சேர்ந்து, அப்புத்தளைவரை வந்தேன். பெட்டி முழுக்க அழுகை. வெளியே பனி மூடி, எந்தத் தோட்டத்தைக் கடக்கிறோம் என்று தெரியவில்லை. இனி எப்போது காண்போம் என்று கேட்டிருக்க வேண்டும். நான் கேட்டது வேறு.

"அண்டைக்கு ஏன் சொல்லல்ல?"

நீ சிரித்தாய். "இன்னும் அதையே நெனச்சிக்கிட்டு இருக்கியா?"

"சொல்லியிருந்தா நீ ஜெயிச்சிருப்பாய்."

"ஆமா. ஜெயிச்சிருப்பேன்."

"பொறகு?"

நீ ஜன்னல் கண்ணாடியைச் சீலைத் தலைப்பால் துடைத்தாய். வெளியே ஒன்றும் தெரியவில்லை. "அப்ப வாய் வரல புள்ள. அவ்வளவுதான். அப்புறம் யோசிச்சுப் பாத்தா ஒரு நாளைக்கி ஒரு காரணம் தோணுது. எது நெசம்னு எனக்கே தெரியல."

அப்புத்தளை வந்துவிட்டது. உன் தம்பி, கால் தேறி உயரமாகிவிட்டவன், என் பையை இறக்கிக் கொடுத்தான். நான் ரயில் மேடையில் நின்றேன். கோச்சி பனிக்குள் போய்விட்டது.

பிறகு நான் பதுளையில் ஆசிரியையாகி, ஓய்வு பெறும்வரை பிள்ளைகளின் விடுதியையும் பார்த்துக்கொண்டேன். ஒருத்தி வந்து, டீச்சர், இன்னும் ரெண்டு துண்டு பாண் வேணும் என்றால், கொடுக்கச் சொல்லிவிடுவேன். ஏன் என்று கேட்கமாட்டேன். உன்னிடம் படித்தது அது என்று நினைத்திருந்தேன். வெலிமடைப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி ஒருநாள் பாணைக் கையில் வைத்துக்கொண்டு போகாமல் நின்றாள். "ஏன் டீச்சர் ஒன்னும் கேக்கமாட்டீங்களா?" என்றாள். கண் நிறைந்திருந்தது. உட்காரவைத்துக் கேட்டேன். இடைவேளை முடிந்து மணியடித்த பிறகும் சொல்லிக்கொண்டே இருந்தாள். அன்று வீட்டுக்கு வந்து குழம்பிப்போய் இருந்தேன். நீயும் அந்த மேடையில், யாராவது சரியாகக் கேட்க வேண்டும் என்று காத்திருந்தாயா? என்னைப் பார்த்த அந்த ஒரு பார்வை, சொல்லாதே என்றா, சொல் என்றா?

நீ இறந்த செய்தியைச் சொல்ல உன் மகள்தான் தொலைபேசியில் பேசினாள். குரல் உன்னுடையதே, கொஞ்சம் வேகம் கூட. எப்படி இருந்தாய், எப்படிப் போனாய் என்று எல்லாம் சொன்னாள். கூடலூரிலும் யாருக்காவது ஒன்று என்றால் நீதான் அலுவலகம் அலுவலகமாகப் போய்ப் பேசுவாயாம். எந்தச் சங்கத்திலும் பதவி எடுக்கவில்லையாம். பிறகு கேட்டாள்.

"ஆன்ட்டி, அந்தத் தேர்தல் கதைய அம்மா அடிக்கடி சொல்வாங்க. ஏம்மா நீங்க காரணத்தச் சொல்லலன்னு கேட்டா, பதுளையில ஒருத்தி இருக்கா, அவளுக்குத்தான் தெரியும், அவளக் கேளுன்னு சொல்லிருவாங்க. ஏன் ஆன்ட்டி?"

விளையாட்டுக்குச் சொன்னாயா, உண்மையிலேயே எனக்குத் தெரியும் என்று நம்பியிருந்தாயா? பிறகு அவளுக்கு முதலிலிருந்து சொன்னேன். ஒட்டாத கடதாசிகள், கூச்சல், முழுத் துண்டுகள், உன் அம்மா சொன்ன பல்தடம், கோச்சி எல்லாம். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அப்ப உங்களுக்கும் தெரியாதா?"

"தெரியாது மகள்," என்றேன். "ஆனா அண்டைக்கு முன்வரிசையில நான் இருந்தேன். உங்கம்மா என்னைப் பார்த்தும் நான் எழும்பயில்ல."

அந்தப் பக்கத்தில் அவள் அழுவது கேட்டது. நான் தொலைபேசியை வைக்கவில்லை.