பதினோரு ஒன்றுகள்

மேற்குத் தாம்பரம்
14-6-1987

அன்புள்ள லக்ஷ்மிநாராயணன் சாருக்கு,

யூனிஸ் எழுதுவது. கோயம்புத்தூர் காலேஜ் பிடித்திருக்கிறதா? நீங்கள் போன பிறகு கீழ்க்கட்டளை ஸ்கூலில் கணக்கு பேச எனக்கு ஆளே இல்லை.

11111111111, பதினோரு ஒன்றுகள், பகா எண்தானா என்று கேட்டுவிட்டுப் போனீர்களே? இல்லை சார்! அதை வகுக்கிற பகா எண் எதுவானாலும், அதை 22-ஆல் வகுத்தால் மீதி ஒன்று வர வேண்டும். அப்படிப்பட்ட எண்களை மட்டும் எட்டு மாதமாகப் போட்டுப் பார்த்தேன். 984-வதில் மாட்டியது. 21469, 513239. இரண்டும் பகா எண்கள்.

தப்பிருந்தால் சொல்லுங்கள். மாமிக்கு வணக்கம்.

அன்புடன்,
யூனிஸ்

கோயம்புத்தூர்
2-7-1987

யூனிஸ் டீச்சருக்கு ஆசீர்வாதம்.

இங்கு எல்லோரும் சௌக்கியம். உங்கள் பொறுமை ஆச்சரியம்தான். ஆனால் வெளிநாட்டில் நூறு வருஷம் முன்பே தெரிந்த சங்கதி இது. எந்தப் பத்திரிகைக்கும் அனுப்பிவிடாதீர்கள், சிரிப்பார்கள். கடிதம் என்னிடமே இருக்கட்டும்.

லக்ஷ்மிநாராயணன்

மேற்குத் தாம்பரம்
20-1-1988

சார்,

ஆசிரியர்கள் மாத இதழ் ஸ்டாஃப் ரூமுக்கு வந்தது. உங்கள் போட்டோ. கீழே, “நான் கண்ட புது வழி.” வரிக்கு வரி என் கடிதம். படித்ததும் எழுந்து போய்க் கை கழுவினேன்.

இன்னொன்று. அவசரத்தில் முதல் எண்ணில் இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதியிருக்கிறேன். அதையும் அப்படியே போட்டிருக்கிறீர்கள். 21469 ஏழால் வகுபடும், சார். அதைப் பகா எண் என்று அச்சேற்றியிருக்கிறீர்கள்.

யூனிஸ்

கோயம்புத்தூர்
25-1-1988

அன்பு யூனிஸ்,

எக்ஸ்பிரஸ் தபாலில் அனுப்புகிறேன். கோபப்படாதே அம்மா. மார்ச்சில் துறைத் தலைவர் பதவிக்கு இன்டர்வியூ. கமிட்டியில் இருப்பவர்கள் அந்தக் கட்டுரையைப் படித்திருக்கிறார்கள். பத்திரிகைக்கு எதுவும் எழுதிவிடாதே. அடுத்த இதழில் நானே திருத்தம் போடுகிறேன். “கூட்டல் கழித்தலில் குமாரி யூனிஸ் உதவினார்” என்று உன் பெயரும் வரும். சரியான எண்ணை மட்டும் உடனே எழுது. உன்னைத் தங்கையாகத்தான் நினைத்திருக்கிறேன்.

லக்ஷ்மிநாராயணன்

மேற்குத் தாம்பரம்
29-1-1988

திரு. லக்ஷ்மிநாராயணன் அவர்களுக்கு,

இரண்டாவது எண் சரியாகத்தான் இருக்கிறது. பதினோரு ஒன்றுகளை 513239-ஆல் வகுத்தால் மற்றது தானாக வந்துவிடும். ஒரே ஒரு வகுத்தல், கால் மணி நேரம். அதைச் செய்யாமல் தபால் ஆபீஸுக்கு ஓடியிருக்கிறீர்கள்.

திருடியதைக்கூட ஒருநாள் மறந்திருப்பேன். அந்த எண்ணை நீங்கள் ஒரு தடவைகூடத் தொட்டுப் பார்க்கவில்லை. எட்டு மாதம் ராப்பகலாக அதோடு இருந்தவள் நான். உங்களுக்கு அது வெறும் பதவி. நினைக்க நினைக்க அருவருப்பாக இருக்கிறது. உங்களைப் போய்க் கணக்கு தெரிந்தவர் என்று நம்பினேனே, அதுவும்.

இரண்டு எண்களையும், பெருக்கிக் காட்டிய தாளையும், உங்கள் இரண்டு கடிதங்களையும் அந்த இதழின் ஆசிரியருக்கு இன்று காலை பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன்.

இனி எழுத வேண்டாம். வந்தால் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன்.

ஜே. யூனிஸ்