வண்டியை ஆறவிடு

செவ்வாய்க் கிரகம், இரண்டாம் ஊர்தி. எழுதுபவன் செங்கோடன், நிலவியல் ஆய்வாளர்.

நாள் 212, 07:10
முகாமிலிருந்து கிளம்பினேன். வடக்குப் பள்ளத்தில் பனி மாதிரி எடுக்க வேண்டும். வெளியே மைனஸ் 71, எஞ்சின் சூடு 80. குளிர்காலத்தின் முதல் ஓட்டம் இது. மெக்கானிக் இருதயராஜ் போன வாரம் காய்ச்சலில் படுத்துக்கொண்டதால் இரண்டு ஊர்திகளுக்கும் நானே சர்வீஸ் பார்த்தேன். சங்ககிரி லாரிப் பட்டறையில் வளர்ந்த கை, டாக்டர் பட்டமெல்லாம் அப்புறம் வந்தது. இருதயராஜ் என்னை நம்பிக் கையெழுத்து மட்டும் போட்டான்; பதிவேட்டில் அவன் பார்த்ததாகத்தான் இருக்கும்.

10:25
சூடு 109. சிவப்பு விளக்கு. நிறுத்திவிட்டேன். வெளியே மைனஸ் 88, உள்ளே எஞ்சின் கொதிக்கிறது! யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள்.

11:05
குளிர்நீர் அளவு சரி. மூடி சரி. ஹோஸில் கசிவில்லை. பெல்ட் இறுக்கமாக இருக்கிறது, பம்ப் சுற்றுகிறது. ஆயிலில் தண்ணீர் கலக்கவில்லை. பிறகு என்ன எழவுக்குச் சூடேறுகிறது?

பத்து நிமிடம் ஓட்டுகிறேன், பத்து நிமிடம் அணைக்கிறேன். அதற்கு மேல் அணைத்தால் இந்தக் குளிரில் பம்பே உறைந்துவிடும். எஞ்சின் நின்றால் கேபினுக்கு வெப்பமும் இல்லை, ஆக்சிஜனும் இல்லை. இரண்டு மணி நேரம் தாங்கும், அவ்வளவுதான்.

முகாமை அழைத்தேன். "இருதயராஜ் பட்டறைய ஒழுங்காப் பாக்கறதே இல்லீங். ரேடியேட்டர்ல குப்பை அடைச்சுக் கெடக்குது. எழுதிக்குங்க."

பணியிலிருந்த மெஹருன்னிசா பதில் சொன்னாள். "பதிவு பண்ணிட்டேன் சார். தப்பு உறுதியாச்சுன்னா யாரா இருந்தாலும் அடுத்த கப்பல்ல திருப்பி அனுப்பிருவாங்க."

"அனுப்பட்டுமுங்" என்றேன்.

11:20
இருதயராஜ் அதே அலைவரிசையில் வந்தான். இந்த அலைவரிசையில் பேசினால் முகாமே கேட்கும். "அண்ணாச்சி, நீங்க சொன்னதக் கேட்டேன். கோவப்படாதீய. முதல் ஊர்திய எடுத்துக்கிட்டு வாரேன். ஒரு சாமான் கொண்டாரேன். மத்தத நேர்ல பேசிக்கிடுவோம்."

தூத்துக்குடிக்காரனுக்கு என்ன ரகசியம் வேண்டிக்கிடக்கிறது? வந்து தொலையட்டும்.

13:40
கண்டுபிடித்துவிட்டேன். ஐயோ, என் புத்தியைச் செருப்பால் அடிக்க.

மேல் ஹோஸைத் தொட முடியவில்லை, கொதிக்கிறது. கீழ் ஹோஸ் கல்லாக உறைந்திருக்கிறது. ரேடியேட்டர் முழுக்கப் பனிக்கட்டி. சூடான நீர் எஞ்சினுக்குள்ளேயே மாட்டிக்கொண்டு கொதிக்கிறது.

தெர்மோஸ்டாட் வால்வு என்று ஒன்று உண்டு. எஞ்சின் போதுமான சூடு ஏறும்வரை நீரை ரேடியேட்டருக்கு விடாத சின்னக் கதவு. எங்கள் பட்டறையில் எந்த லாரி வந்தாலும் முதல் வேலையாக அதைக் கழற்றிப் போடுவோம். நம் வெயிலுக்கு அது எதற்கு, எப்போதும் நீர் ஓடட்டும் என்பது கணக்கு. போன வாரம் சர்வீஸில் என் கை அதையே செய்தது. யோசிக்கக்கூட இல்லை. இந்தக் குளிரில், கதவில்லாமல் ஓடிய நீர் ரேடியேட்டரிலேயே உறைந்து அடைத்துவிட்டது.

இரண்டு ஊர்திகளிலும் செய்தது.

14:15
இருதயராஜ் குரல். இருபத்தைந்து கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறான். "அண்ணாச்சி, எனக்கும் சூடு ஏறுதுல்லா. நூத்தி ஆறு. என்ன செய்யட்டும்?"

சொல்ல வேண்டியது ஒரே வரி. ரேடியேட்டரைப் போர்வையால் மூடு, எஞ்சினை அணைக்காதே, நான் வால்வைக் கழற்றிவிட்டேன். மெஹருன்னிசா கேட்டுக்கொண்டிருக்கிறாள். அடுத்த கப்பல் நினைவுக்கு வந்தது.

பட்டறைப் பேச்சுதான் வாயில் வந்தது. "அணைச்சுப் போட்டு அரை மணி நேரம் ஆறவிடு."

"இங்க அணைச்சா உறைஞ்சிராதா அண்ணாச்சி?"

"உறையாது. நாந்தான் சொல்றனல்ல."

"சரி. நீங்க சொன்னா சரிதான்."

என் வண்டி அரை மணி நேரத்தில் சரியாகிவிடும். யாருக்கும் தெரியாமல் போய் அவன் ரேடியேட்டரை மூடிவிடலாம். அதற்குள் என்ன ஆகிவிடப் போகிறது?

15:00
போர்வை போட்டுக் கட்டினேன். கீழ் ஹோஸ் இன்னும் கல்லாகவே இருக்கிறது. பனி உருகுவேனா என்கிறது.

"ஸ்டார்ட் ஆவமாட்டேங்குது அண்ணாச்சி. பம்பு இறுகிப் போச்சு."

"வர்றேன்" என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை.

15:50
"குளுருது அண்ணாச்சி. எங்க வாரீய?"

"பக்கத்துல வந்துட்டேன்டா." நான் இருந்த இடத்திலேயே இருக்கிறேன்.

16:35
கீழ் ஹோஸில் வெதுவெதுப்பு. அழைத்தேன், பதில் இல்லை. போர்வை, வால்வு எல்லாவற்றையும் இப்போது சொன்னேன். கத்திச் சொன்னேன். இணைப்பு விட்டுவிட்டு வருகிறது, என் பேச்சு ஒரு வரிகூடப் பதிவாகவில்லை என்றாள் மெஹருன்னிசா. மறுபடி சொல்லச் சொன்னாள்.

சொல்லவில்லை.

17:50
அவன் ஊர்தியை அடைந்தேன். இருக்கையில் குறுகி உட்கார்ந்திருக்கிறான். கண் திறந்திருக்கிறது. இமையில் பனி. கன்னத்தைத் தட்டினேன், பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், திட்டினேன். அழுதேன். எழுந்திருக்கவில்லை.

சட்டைப் பையில் எண்ணெய்த் துணியில் சுற்றிய பொட்டலம். உள்ளே தெர்மோஸ்டாட் வால்வு. கூடவே ஒரு சீட்டு.

"அண்ணாச்சி, பெஞ்சுக்கடில கெடந்துச்சு. உங்க வண்டில உள்ளதுதான். மாட்டிக்கிடுங்க. முகாமுக்குத் தெரிய வேண்டாம், உங்களத் திருப்பி அனுப்பிருவாவ."

ஒன்றுதான் அவன் கண்ணில் பட்டிருக்கிறது. இன்னொன்றை நான் அன்றைக்கே கழிவோடு கொட்டிவிட்டேன். தன் வண்டியிலும் வால்வு இல்லை என்று கடைசிவரை அவனுக்குத் தெரியாது.

18:40
வால்வை என் வண்டியில் மாட்டினேன். நன்றாகப் பொருந்திற்று. சீட்டைக் கிழித்துக் காற்றில் விட்டேன். அவனைப் பின்னால் படுக்க வைத்திருக்கிறேன். அவன் போய்விட்டதை மட்டும் முகாமுக்குச் சொன்னேன்.

19:05
முகாம் அழைத்தது. மெஹருன்னிசா அழுதுகொண்டே கேட்டாள். "சார், காலையில நீங்க குடுத்த புகாரை வெச்சே அறிக்கையை முடிக்கச் சொல்றாங்க. இருதயராஜோட பராமரிப்புக் குறை, ரெண்டு வண்டியும் அதனாலதான் நின்னுச்சுன்னு. அவர் வீட்டுக்கும் அப்படித்தான் போகும். சரிதானுங்களா?"

இதை எழுதியதும் இருக்கைக்கு அடியில் தகட்டைப் பிரித்து இந்தக் குறிப்பேட்டை ஒளித்து வைக்கப் போகிறேன். எடுப்பவர் யாரானாலும், என் காலத்துக்கு அப்புறம் எடுங்கள்.

வெளியே மைனஸ் 93. எஞ்சின் சூடு 84, முள் அசையவே இல்லை. வண்டி அருமையாக ஓடுகிறது.

"சரிதானுங்" என்றேன்.