மூன்றாம் நாளில் நிறுத்திய மருந்து

என்னங்க,

பாப்பாவுக்குக் காய்ச்சல் இறங்குகிறது. ஆனாலும் வரிக்கு ஒரு தடவை எழுந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன்.

போனில் சொல்லாததைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டதும், கடவுள் கேட்டுவிட்டார் என்று மருந்தை நானே நிறுத்தினேன். மேற்கொண்டு கொடுத்தால் அவரை நம்பாத மாதிரி இருக்குமே என்று தோன்றியது. நேற்று காய்ச்சல் திரும்பிவிட்டது.

"பாதியில விட்டா, மருந்துக்குத் தப்பின கிருமிதாம்மா பெருகும். படிச்ச பொண்ணுதானே நீ?" என்றார் டாக்டர், புது மருந்தை எழுதிக்கொண்டே.

தப்பியது பெருகும் என்பதுதானே பரிணாமம். கல்லூரியில் அதைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதி முதல் மார்க் வாங்கியவள் நான். ஒரு வரியைக்கூட நம்பி எழுதவில்லை.

இப்போதும் கும்பிட்டுவிட்டுத்தான் மருந்து கொடுக்கிறேன். ஆனால் பாட்டில் காலியாகும்வரை கொடுப்பேன்.

கடவுளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். உங்களிடம் போனில் கேட்க முடியாமல்தான் இதை எழுதுகிறேன்.

உங்கள் மகளின் அம்மா