மாவுக்கட்டோடு ஒரு டூர்

டூர் என்று காதில் விழுந்ததுமே முதல் ஆளாகச் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கும் என் அப்பாவுக்கு,

நாங்கள் டூர் வந்திருக்கிறோம், அப்பா! நானும் செந்திலும் அம்மாவும், உங்கள் பேத்தி யாழினியும். எந்த ஊருக்கு என்று சொன்னால் சிரிக்கக் கூடாது. ஸ்ரீரங்கத்துக்கு. ஆமாம், உறையூரில் நீங்கள் கட்டிய வீட்டைப் பூட்டிக்கொண்டு, காவிரிப் பாலத்தைத் தாண்டி வந்து, இங்கே லாட்ஜில் ரூம் போட்டுத் தங்கியிருக்கிறோம். வேண்டாம் என்று சொல்லியும் நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது.

நிஜத்தில் குற்றாலத்துக்குத்தான் கிளம்பினோம். நீங்கள் விழுந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, எங்களை விட்டுப் போனதிலிருந்து வீட்டில் யாரும் எங்கேயும் போகவில்லை. தலைத்திவசம் முடிந்ததும் அம்மாவேதான் ஆரம்பித்தாள். "எங்கயாவது போயிட்டு வரலாமாடி? இந்தச் சுவத்தையே பாத்துக்கிட்டு எத்தன நாளு இருக்கறது?" என்றாள். செந்தில் உடனே லீவு போட்டு, ரயிலுக்கு டிக்கெட் எடுத்து, அருவிக்குப் பக்கத்திலேயே ரூமும் சொல்லிவைத்துவிட்டார்.

யாழினிக்கு இப்போது இரண்டரை வயது. சும்மா இருப்பாளா? குளிக்கும்போதெல்லாம் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு "அருவி, அருவி" என்று ஒத்திகை பார்த்தாள். அது போதாதென்று ஒரு நாள் சோபாவின் முதுகில் ஏறி நின்று குதித்தாள். அதுவும் அருவிதானாம். இடது கை எலும்பு முறிந்துவிட்டது.

தில்லை நகரில் டாக்டரம்மா எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு மாவுக்கட்டு போட்டார். "தண்ணி மட்டும் படக்கூடாதும்மா. மத்தபடி ஓடட்டும், ஆடட்டும். சின்னப் புள்ள எலும்பு, சீக்கிரம் கூடிரும்" என்றார். இதில் முதல் வாக்கியம் மட்டும்தான் என் காதில் ஏறியது என்று செந்தில் இன்றைக்கும் கிண்டல் செய்கிறார்.

தண்ணீர் படக்கூடாத குழந்தையை வைத்துக்கொண்டு குற்றாலத்துக்குப் போய் என்ன செய்வது? டிக்கெட்டைக் கேன்சல் செய்துவிட்டு ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தோம். அடுக்கிய பெட்டி கூடத்தின் நடுவில் அப்படியே கிடந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும், "கிளம்புற நேரத்துல இப்படி ஆச்சுன்னா போக வேண்டாம்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டு, கூடவே பிரண்டைத் துவையலுக்குப் பக்குவமும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஒரு காலையில் அம்மா அந்தப் பெட்டியில் காலை இடித்துக்கொண்டாள். "ஒண்ணு இதப் பிரிச்சு அடுக்குங்க, இல்லன்னா எங்கயாவது தூக்கிட்டுப் போங்க!" என்று ஒரு கத்தல். பல் துலக்கிக்கொண்டிருந்த செந்தில் நுரையோடு எட்டிப் பார்த்து, "ஸ்ரீரங்கம் வேணா போலாமா அத்தை?" என்றார். விளையாட்டாகச் சொன்னதுதான். அம்மா யோசிக்கவே இல்லை. "ரூம் போடுவீங்களா மாப்ள?" என்று கேட்டாள் பாருங்கள்! எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அன்றைக்கே கிளம்பிவிட்டோம்.

பெட்டிகளையும் கூடையையும் பார்த்ததும் ஆட்டோக்காரர் பரபரப்பாகிவிட்டார்.

"எத்தன மணிக்கு ட்ரெயின் மேடம்? ஜங்ஷன் தானே?"

"இல்லங்க, ஸ்ரீரங்கம்."

"ஸ்ரீரங்கம் ஸ்டேஷனா? சரி, அங்கேருந்து எந்த ஊரு?"

"அங்கதாங்க. டூர் போறோம்."

அவர் வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் திரும்பி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். கடைசியில் யாழினியின் கட்டைப் பார்த்ததும் என்ன புரிந்ததோ, "ஏறுங்க, ஏறுங்க, ஜாலியா போயிட்டு வாங்க" என்று எங்களைவிட உற்சாகமாகிவிட்டார்.

அம்மா புளியோதரை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். வழியில் பசிக்குமாம்! வழி எங்கே இருக்கிறது? சத்திரம் பஸ் ஸ்டாண்ட் வந்தால் பாலம், பாலம் இறங்கினால் ஸ்ரீரங்கம். ஆனாலும் பாலத்தில் ஏறியதும் அவள் பொட்டலத்தைப் பிரித்துவிட்டாள். ரயில் முதல் ஆற்றைத் தாண்டும்போது சாப்பாட்டைப் பிரிக்க வேண்டும் என்பது நீங்கள் வைத்த சட்டம் அல்லவா? கீழே காவிரி இரு கரையும் தொட்டுக்கொண்டு ஓடுகிறது, காற்று கும்மென்று அடிக்கிறது, நாங்கள் ஆட்டோவில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிடுகிறோம். டிரைவருக்கும் ஓர் உருண்டை. அப்பா, அந்த நிமிஷம் குற்றாலம் எனக்கு மறந்தே போய்விட்டது.

அம்மாவைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். ரூமுக்குள் நுழைந்ததும் மெத்தையில் உட்கார்ந்து பார்த்தாள், ஏ.சி.யைப் போட்டுப் பார்த்தாள், அப்புறம் போனை எடுத்துப் பார்த்தாள். "ஒரு போன் போட்டா காபி வருதுடி சுதா! டம்ளர் கூட நாம கழுவ வேண்டாம்!" கல்யாணமானதிலிருந்து காபி போட்டுக் கொடுத்தே பழகியவள். நீங்கள் கூட்டிக்கொண்டு போன டூரில் எல்லாம் சத்திரத்தில் ஸ்டவ் வைத்து அவளைச் சமைக்க வைத்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? இந்த விஷயத்தில் என் டூர்தான் உசத்தி, ஒப்புக்கொள்ளுங்கள்.

மொட்டை மாடிக்குப் போனால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் மலைக்கோட்டை தெரிகிறது. பிறந்ததிலிருந்து பார்த்த மலைதான். ஆனால் லாட்ஜ் மாடியிலிருந்து பார்க்கும்போது யாரோ புதிதாகக் கொண்டுவந்து வைத்த மாதிரி இருக்கிறது. நாங்கள் நாலு பேரும் வெளியூர்க்காரர்களைப் போல அதற்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம்.

யாழினிதான் இந்த ஊருக்கே வி.ஐ.பி. பூக்கட்டும் அம்மா, பேட்டரி வண்டிக்காரர், எதிர் ரூமில் தங்கியிருக்கும் ஆந்திராக்காரர்கள், எல்லாருக்கும் கட்டைத் தூக்கிக் காட்டி "உவ்வா" என்கிறாள். பேசுகிற பாஷை புரியாத இடத்தில்கூட அவளுக்கு வாழைப்பழம் கிடைத்துவிடுகிறது. கட்டு எதற்கென்று நினைத்தீர்கள்? செந்தில் அசந்தால் தலையில் ஒரே போடு. அவருக்கு நெற்றியில் புடைத்திருக்கிறது.

ஒரே ஒரு விஷயம்தான் என்னை அரித்துக்கொண்டிருந்தது. விழுந்ததிலிருந்து குழந்தை பயந்துபோய்விட்டாள், கீழே இறங்கவே மாட்டேன் என்கிறாள் என்று நான் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். பறந்து பறந்து ஓடுகிற பெண், இப்படியே இடுப்பில் உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வது? இந்த டூரில் எப்படியாவது அவளைப் பழையபடி ஓட வைத்துவிட வேண்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டுதான் வந்தேன்.

வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில் மற்றக் குழந்தைகள் எல்லாம் பூச்சியைத் துரத்திக்கொண்டு ஓடின. யாழினி என் இடுப்பில் இருந்துகொண்டு காலை உதைத்தாள். கை வலிக்கிறது போலும் என்று இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அம்மா மண்டபம் படித்துறையில் செந்தில் முங்கிக் குளித்தார், அம்மா காவிரிக்கு மஞ்சள் குங்குமம் போட்டாள். நான் கட்டின்மேல் பாலிதீன் கவரைச் சுற்றி, மேல் படியில், குழந்தையை மடியை விட்டு இறக்காமல் உட்கார்ந்திருந்தேன். அவள் என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். தண்ணீரைப் பார்த்துப் பயப்படுகிறாள் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

இன்றைக்குக் காலையில் கோயிலுக்குப் போனோம். வாசலில் யானைக்கும் கட்டைத் தூக்கிக் காட்டினாள். சந்நிதியில் பட்டர் தீர்த்தம் கொடுக்க வந்தால், இவள் வலது கையை விட்டுவிட்டு மாவுக்கட்டை நீட்டுகிறாள்! நான் அவ்வளவு கூட்டத்தில், "தண்ணி படக்கூடாது சுவாமி!" என்று அலறிவிட்டேன். பட்டர் சிரித்துவிட்டார். "பெருமாள் தீர்த்தத்தப் பாத்து இப்படிப் பதறாதேங்கோ. கொழந்தே, அவர் பாத்துப்பார், நீ நன்னா ஓடி விளையாடு" என்று வலது கையில் ஒரு சொட்டும் துளசியும் கொடுத்தார். பெருமாளைச் சரியாகச் சேவிக்கவே இல்லை. ஆனால் நீங்கள் இருந்திருந்தால் அங்கேயே விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள்.

சேவித்துவிட்டு ஆயிரங்கால் மண்டபத்துக்கு முன்னால் இருக்கிற மணல்வெளிக்கு வந்தோம். யார் வீட்டுக் குழந்தைகளோ, மணலை வாரித் தலையில் போட்டுக்கொண்டு ஒரே கூச்சல். யாழினி என் இடுப்பில் மீனாகத் துள்ளினாள். நான் பிடியை இறுக்கினேன். கட்டுக் கையால் என் தோளில் ஓங்கி ஓர் அடி விழுந்தது. "எறக்கு! எறக்கு!" என்று கத்தினாள்.

"பாருங்க, பயத்துல எப்படிக் கத்துறா" என்றேன் செந்திலிடம்.

செந்தில் அவளுடைய கட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு மெதுவாக, "சுதா, அவ எறங்க மாட்டேன்னு எப்பச் சொன்னா? எறக்கு எறக்குன்னுதானே சொல்லிட்டிருக்கா. வந்ததுலேருந்து நீதான் விடல" என்றார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "விழுந்தா? மறுபடி விழுந்தா யாரு பாக்குறது?" என்று கேட்டேன். நான் போட்ட சத்தத்தைக் கேட்டு, பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அம்மா என் முழங்கையைத் தொட்டாள். "அவ விழுந்தா எந்திரிப்பாடி. அவ உங்கப்பா இல்ல" என்றாள்.

அவ்வளவுதான், அப்பா. எனக்கு அழுகை வந்துவிட்டது. யாழினி சோபாவிலிருந்து விழுந்த சத்தம் கேட்டு ஓடியபோது, நான் யாரைத் தூக்க ஓடினேன் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஒரு வருஷமாக எதைப் பார்த்தாலும் வழுக்குமோ, யாரைப் பார்த்தாலும் விழுவார்களோ என்றுதான் இருந்திருக்கிறேன். அதைக் குழந்தையின் பயம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

குனிந்து அவளை மணலில் இறக்கினேன். கையை மட்டும் எடுக்க முடியவில்லை. அவளே என் விரலைப் பிய்த்துக்கொண்டு ஓடினாள். எப்படி ஓடினாள் தெரியுமா! கட்டுக் கையை விறைப்பாக நீட்டிக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து, வாயெல்லாம் பல். பாதி தூரம் போயிருப்பாள். மணலில் கால் புதைந்து தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள்.

நான் ஓட எத்தனித்தேன், அம்மா என் முழங்கையை விடவில்லை. யாழினி திரும்பி என்னைப் பார்த்தாள். அழலாமா, சிரிக்கலாமா என்று என் முகத்தில் தேடுகிறாள், அப்பா. நான் கண்ணீரோடு பல்லைக் காட்டினேன். அவள் வலது கையை மணலில் ஊன்றி, பின்புறத்தைத் தூக்கி, தள்ளாடி எழுந்து நின்று, "நானே!" என்றாள். மறுபடி ஓட்டம்.

விழுந்தவர்கள் எழுந்திருக்கவும் செய்வார்கள் என்பதை நான் மறந்தே போயிருந்தேன்.

அப்புறம் அவளைப் பிடிக்க முடிந்ததா என்றா கேட்கிறீர்கள்? நானும் செந்திலும் மாறி மாறித் துரத்தினோம். எத்தனை தடவை விழுந்தாள் என்று நான் எண்ணவில்லை. அம்மா ஒரு தூணில் சாய்ந்துகொண்டு, "ஓடுடி தங்கம், உங்கம்மாகிட்ட மாட்டாத!" என்று கட்சி கட்டினாள். அம்மா அப்படிச் சத்தம் போட்டுச் சிரித்து நான் பார்த்து வெகு நாளாயிற்று. உங்களுக்குத்தான் அதை முதலில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

இப்போது மத்தியானம். யாழினி வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறாள். தலையெல்லாம் மணல், கட்டு செம்மண் நிறத்தில் இருக்கிறது, டாக்டரம்மாவிடம் என்ன சொல்லப்போகிறேனோ தெரியாது. செந்தில் கட்டுப் பிரித்த பிறகு குற்றாலம் போகலாம் என்று மறுபடி ரயில் பார்த்துக்கொண்டிருக்கிறார். அம்மா இரண்டாவது காபிக்குப் போன் செய்கிறாள்.

உங்களிடம் ஒன்று சொல்லாமல் இருக்கிறேன். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நீங்கள் விழுந்த அன்றைக்குப் பூட்டிய கொல்லைக் கதவை நான் இன்னும் திறக்கவிடவில்லை. அம்மா பல தடவை கேட்டுவிட்டாள். நீங்கள் வைத்த கொய்யா இந்த வருஷம் காய்த்துக் கொட்டுகிறது, யாழினி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்து நிற்கிறாள். நான்தான் சாவியை ஒளித்து வைத்திருக்கிறேன்.

வீட்டுக்குப் போனதும் அந்தக் கதவைத் திறந்துவிடுகிறேன், அப்பா. கல்லைச் சுற்றிப் பாசி இருந்தால் நானே உட்கார்ந்து தேய்த்துக் கழுவுகிறேன். பிறகு உங்கள் பேத்தியை அங்கே இறக்கிவிட்டு, நான் கையைக் கட்டிக்கொண்டு வாசற்படியிலேயே நிற்பேன். இது சத்தியம்.

இறக்கிவிடக் கற்றுக்கொண்டிருக்கும்,
உங்கள் மூத்த மகள் சுதா