காற்றுப் போகாத குழி

அன்பு மகள் ஜெயந்தினிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நல்ல சுகம், பொகவந்தலாவையில் மழை விட்டபாடில்லை. அவுஸ்திரேலியாவில் அந்தச் சூட்டிலும் நீ சுகமாக இருக்க மாரியம்மனைக் கும்பிட்டுக்கொள்கிறேன். போனில் நீ அழுதாய், எல்லாவற்றையும் நிதானமாகச் சொல்ல இதை எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

உன் சுரங்கத்தில் உள்ளே காற்று அனுப்புகிற புதுக் காற்றாடி வருவதற்கு முன்னமே இன்னொரு டீசல் வண்டியை உள்ளே இறக்கப் போகிறார்கள், அதற்குத் தோதாக நீ போட்ட காற்றோட்டத் திட்டத்தை மாற்றிக் கையெழுத்துப் போடு, இல்லையென்றால் வேறு ஆள் பார்ப்போம் என்று மேனேஜர் சொன்னதாகச் சொன்னாய். கீழே இருப்பவர்களுக்கு அந்தக் காற்றுப் போதாது என்று தெரிந்தும் "போட்டுக் குடுத்துடவாம்மா" என்று கேட்டாய். பதில் சொல்லும் முன் இங்கே நடந்ததைக் கேள்.

தோட்டத்தில் வேலை இல்லாத நாளில் அப்பா ஆற்றோரத்தில் மாணிக்கக்கல் தோண்டும் குழிக்குப் போவது உனக்குத் தெரியும். போன கிழமை ஒரு நாள் சாப்பாடு கொண்டுபோனேன். ஊற்றுத் தண்ணீரை இறைக்கிற எஞ்சினைக் குழிக்குள்ளேயே இறக்கி ஓடவிட்டிருந்தார்கள். பக்கத்து லயத்து வீட்டு மீனம்மா அக்காவின் மகன் ஜெயகாந்தன் கீழே இருந்தான், கூப்பிட்டால் சத்தமே இல்லை. தூக்கிவர அப்பா இறங்கப் போனார். அடைத்த இடத்தில் எஞ்சின் புகை ஆளைச் சாய்த்துவிடும், தூக்கப் போகிறவனும் விழுவான் என்று நீ சொன்னது ஞாபகம் வந்தது, அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். "விடு புள்ள, பய செத்துருவான்" என்று என் கையைப் பிய்த்தார், நான் விடவில்லை. "எறங்காதீங்க, கயித்த இழுங்க" என்று கத்தினேன். நல்ல காலம் அவன் இடுப்பில் கயிறு கட்டியிருந்தது, எல்லோருமாக இழுத்தோம். ஆஸ்பத்திரியில் ஒக்சிஜன் கொடுத்துக் காப்பாற்றினார்கள், இப்போது வீட்டில் கஞ்சி குடிக்கிறான்.

மறுநாளே குழி முதலாளி வேலை தொடங்கச் சொன்னார். எஞ்சின் மேலே இருக்க வேண்டும், குழாய் போட்டுக் காற்று அடித்தால்தான் இறங்குவோம் என்றார் அப்பா. முதலாளி வேறு ஆட்களைக் கூட்டிவந்தார், நானும் மீனம்மா அக்காவும் குழிவாயில் உட்கார்ந்துவிட்டோம். நடந்ததைச் சொன்னதும் வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். குழி மூடித்தான் கிடக்கிறது, அப்பாவுக்கு அந்த வேலை இல்லை, மனுஷன் வீட்டில் இருக்கிறார், அது போதும்.

உங்க மக வெளிநாட்டில என்ன வேலை பாக்குது என்று மீனம்மா அக்கா கேட்டார். கீழ இருக்கவங்களுக்குக் காத்துப் போகுதான்னு பாக்குற வேலை என்றேன். என் கையைப் பிடித்தவர் விடவே இல்லை.

வேலை போனால் வீட்டுக்கு வா, பார்த்துக்கொள்ளலாம். ஆனால் முடியாது என்பதை எழுத்தில் கொடு, கீழே போகிறவர்களிடமும் சொல்லிவிடு. நேரத்துக்குச் சாப்பிடு. அப்பா உன் தலையில் கைவைத்து ஆசீர்வாதம் சொன்னதாக எழுதச் சொன்னார். மறக்காதே, கையெழுத்துப் போடாதே.

இப்படிக்கு
உன் அம்மா ஜீவராணி