எச்சில் பட்ட செல்கள்

மார்ச் 3

இன்குபேட்டரைத் திறந்ததும் இன்றைக்கும் அதே வாடை. ஈரத்துணியைப் பையில் மூடிவைத்து மறந்த மாதிரி. செல் வளர்க்கிற பெட்டியில் எந்த வாடையும் வரக்கூடாது என்று சொல்லிக்கொடுத்ததே தலைவர்தான், இந்த லேபை நடத்தும் பேராசிரியர். நேரில் இல்லை, வீடியோவில். நான் செல் வளர்க்கக் கற்றதே அவர் வீடியோக்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான். ஒவ்வொன்றுக்கும் கீழே முதல் கமெண்ட் என்னுடையதாக இருக்கவேண்டும் என்று தவம் கிடந்திருக்கிறேன். பயோமெடிசின் முதுகலைக்கு வெளிநாட்டில் அவர் லேபிலேயே இடம் கிடைத்தபோது அம்மா சொன்னாள்: "படிக்கப் போறியா, இல்ல நடிகரைப் பாக்கப் போறியா?"

இப்போது தலைவரின் பெட்டி நாறுகிறது. தலைவருக்குத் தெரியுமா?

மார்ச் 9

பெட்டிக்கு அடியில் இருக்கும் தண்ணீர்த் தட்டை நானே வெளியே எடுத்துக் கழுவினேன். உள்ளே பழுப்பாக, வழவழவென்று ஏதோ. கையுறைக்கு மேல் இன்னொரு கையுறை போட்டுக்கொண்டேன். அக்கா கதவோரம் நின்று வேடிக்கை பார்த்தாள். இதே லேபில் முனைவர் பட்டத்துக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவள். இங்கே என்னோடு தமிழ் பேசும் ஒரே ஆள்.

"புது மருமக மாதிரி தேய்க்கிறியே."

"கடைசியா எப்பக்கா கழுவினாங்க?"

"எனக்கு முன்னாடி இருந்தவங்களைத்தான் கேக்கணும்."

மார்ச் 21

இன்று செல்களுக்கு நீலச் சாயம் போட்டு நுண்ணோக்கியில் வைத்தேன். அந்தச் சாயம் டிஎன்ஏவில்தான் ஒட்டும். அதனால் நடுவில் இருக்கும் கரு நீலமாகவும் சுற்றிலும் இருட்டாகவும் தெரியவேண்டும். எனக்கு இருட்டே தெரியவில்லை. கருவைச் சுற்றி நீலப் பொடி தூவின மாதிரி.

படத்தை ஆராய்ச்சியாளர்கள் பேசும் ஓர் இணைய ஃபோரத்தில் போட்டேன். டீ ஆறுவதற்குள் பதில் வந்துவிட்டது. மைக்கோபிளாஸ்மா. நுண்ணோக்கியில் சாதாரணமாகப் பார்த்தால் தெரியாத குட்டிக் கிருமி; அந்த நீலப் பொடி அதன் டிஎன்ஏ. செல் திரவத்தைக் கலங்கவும் விடாது, வழக்கமாக ஊற்றும் மருந்துக்கும் சாகாது. எங்கிருந்து வரும் என்று தேடினேன். பல நேரம் மனுஷ வாயிலிருந்தாம். யாரோ பேசிக்கொண்டே வேலை செய்திருக்கிறார்கள். அவர்கள் எச்சில் இதில் குடும்பம் நடத்துகிறது.

என் ஆய்வே இந்தப் புற்றுநோய் செல்களை ஒரு மருந்து கொல்லுமா என்பதுதான். செத்தது மருந்தாலா, இந்தக் கிருமியாலா? இனிமேல் எப்படிச் சொல்வேன்?

மார்ச் 22

அக்காவிடம் படத்தைக் காட்டினேன். அவளுக்கு ஆச்சரியமே இல்லை. எனக்கு அதுதான் ஆச்சரியம்.

"படத்துல கறுப்பைக் கொஞ்சம் ஏத்திவிடு. புள்ளியெல்லாம் போயிடும்."

"படத்துல போயிடும். செல்லுல?"

"செல்லையா அச்சுல போடுறாங்க? படத்தைத்தானே."

டெஸ்ட் பண்ணிப் பார்க்கலாமே என்றேன்.

"இந்த லேப்ல அந்தப் பழக்கம் இல்ல. பண்ணாத வரைக்கும் சுத்தம்தான். நீ வேற கிளறாத."

ஏப்ரல் 2

பக்கத்து லேபில் கெஞ்சி டெஸ்ட் பண்ணினேன். என் குடுவைகள் எல்லாவற்றிலும் இருக்கிறது. உறைய வைத்திருந்த பழைய குப்பிகளிலும். நான் வருவதற்கு முன்னால் உறைய வைத்தவை.

ஏப்ரல் 4

தலைவரைப் பார்த்தேன். பேச்செல்லாம் ஆங்கிலத்தில். நான் பேசி முடிக்கும்வரை பேனா மூடியைச் சப்பிக்கொண்டே இருந்தார். பிறகு அதே மூடியால் என் படத்தைத் தொட்டார். காகிதத்தில் ஈரம்.

"இது தூசி. சாயம் போடுறதை இணையத்துல பாத்துக் கத்துக்கிட்டியா?"

"உங்க வீடியோலதான் சார்."

சிரிக்கவில்லை. டெஸ்ட் முடிவை நீட்டினேன். கையில் வாங்கவே இல்லை.

"புதுச் செல் வரவழைச்சு முதல்லேர்ந்து ஆரம்பிச்சா, உன் விசா முடியறதுக்குள்ள முடியாது. பட்டம் இல்லாம ஊருக்குப் போறியா? படத்தைச் சரிபண்ணிப் போடு."

இந்த ஆளுக்கா நான் கமெண்ட் போட்டுக் கிடந்தேன்? சீ.

ஏப்ரல் 5

டப்பாவில் கொண்டுபோன சோற்றை அப்படியே திரும்பக் கொண்டுவந்தேன்.

ஏப்ரல் 11

அம்மாவிடம் ஃபோனில் சொன்னேன்.

"பெரியவர் சொன்னா கேட்டுட்டுப் போயேன். படத்துல தூசியைத் துடைக்கிறதுக்கு இவ்ளோ ஆர்ப்பாட்டமா? பட்டத்தோட வருவேன்னு உன் சித்திகிட்ட வேற சொல்லிட்டேன்."

"தூசி இல்லம்மா. எச்சி."

"யாரோட எச்சி?"

"தெரியல."

"கருமம்," என்றாள். அப்புறம் வேறு பேச்சுக்குப் போய்விட்டாள். துடை என்று மறுபடி சொல்லவில்லை. துடைக்காதே என்றும் சொல்லவில்லை.

மே 6

கறுப்பை ஏற்றிப் பார்த்தேன். என்ன அழகு. ராத்திரி வானத்தில் நீல நிலாக்கள். இதை அட்டைப் படமாகவே போடலாம். அப்படியே ஆய்வேட்டுக் கோப்பில் ஒட்டினேன், பேரும் கொடுத்தேன், சேமித்தேன். அப்புறம் போய்ப் பல் தேய்த்தேன். மறுபடி தேய்த்தேன். வாயிலிருந்து அந்த உணர்வு போகவே இல்லை.

மே 8

ஆய்வேட்டில் பொடி தூவின படத்தையே போட்டுவிட்டேன். பக்கத்தில் டெஸ்ட் முடிவு. ஆய்வுச் சுருக்கத்தில் ஒரு வரி: இந்தச் செல்களில் கிருமி இருந்ததால் மருந்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. ஒரு வருஷ உழைப்பு, அந்த ஒரு வரி.

அந்த ஆள் முதல் பக்கத்தைப் புரட்டி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை. பயந்துகொண்டு போனவள், வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவினேன்.

ஜூன் 14

வாய்மொழித் தேர்வு. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அந்தப் படத்தை விரல் வைத்துக் காட்டினார். "மைக்கோபிளாஸ்மாவா?" ஆமாம் என்றேன். அவர் என்னை விட்டுவிட்டு என் பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார், லேபில் கடைசியாக எப்போது டெஸ்ட் செய்தீர்கள் என்று. அப்போதுதான் அந்த ஆள் என் ஆய்வேட்டைப் பிரிக்கிறார். அவசரமாகப் பக்கம் தேடுகிறார்.

"அதெல்லாம் மாணவர்கள் பொறுப்பு," என்றார். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

ஜூன் 16

பாஸ். இருப்பதிலேயே கடைசி கிரேடு. பரிந்துரைக் கடிதம் கேட்டு யாரும் தன்னிடம் வரவேண்டாம் என்று அந்த ஆள் பொதுவாக ஒரு மெயில் போட்டிருக்கிறார். யாருக்கு என்று எல்லோருக்கும் தெரியும். அம்மா சித்தியிடம் பாஸ் என்று மட்டும் சொன்னாளாம்.

ஜூன் 25

பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். கதவு தட்டல். அக்கா. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கோட்டுப் பையிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்தாள். மேலே அவள் கையெழுத்து, பழைய தேதி.

"பக்கத்து லேப்ல உன்னை உள்ள விடுவாங்கல்ல?"

"விடுவாங்க."

"இது என்னோட செல். முதல் வருஷத்துலேர்ந்து இதுலதான் எல்லாமே பண்ணியிருக்கேன்." குப்பியின் மூடியை இன்னும் இறுக்கினாள். "அவர்கிட்ட சொல்லிடாத."

செருப்பை மாட்டிக்கொண்டேன். வழியெல்லாம் அவள் குப்பியைப் பொத்திப் பிடித்தபடியே வந்தாள்.